இயற்கையைக் காக்கும் உலக ஒன்றியம்

மார்கழி, தை மாதங்களிலே மன்னார்க் கரையோரத்து நீர்நிலைகளையும் யாழ்ப்பாணத்துக் கடனீரேரியையும் கண்டோர், அங்கே கூட்டங்கூட்டமாக வந்திறங்கும் பறவைகளையும் கண்டிருப்பர். அவற்றுட் பல வட ஆசியாவின் கடுங்குளிருக்கு அஞ்சி, மலைகளையும் பாலைநிலங்களையும் கடந்து தெற்கு நோக்கி வருபவை. வரும் வழியிலே எத்தனை இராச்சியங்களின் எல்லைகள்! அவை கடவுச்சீட்டுப் பெறுவதில்லை, சுங்கச்சாவடிகளில் நிற்பதுமில்லை. இடைவழியிலே ஒரு நாட்டின் சதுப்புநிலம் வற்றச் செய்யப்பட்டால், அங்கு இரைதேடி இளைப்பாற வேண்டிய பறவை அடுத்த நாட்டை அடைவதேயில்லை. இலங்கை தன் எல்லைக்குள் எத்துணைச் சிறந்த சட்டங்களை இயற்றினும், அப்பறவையைத் தனித்து நின்று காத்தல் இயலாது. பறவைக்குப் பொருந்துவது ஆற்றுக்கும், கடல்மீனுக்கும், ஆமைக்கும், வீசும் காற்றுக்கும் பொருந்தும்.

பல நாடுகளுக்கும் உரிய பொருளை எவர் காப்பது? எல்லாருக்கும் உரிய சொத்து எவருக்கும் உரித்தில்லாத சொத்தாகச் சீரழிவதை ஊர்ப் பொதுக்குளங்களிலே கண்டவர்கள் இவ்வினாவின் அருமையை உணர்வர். இதற்கு விடை தேடிப் பிறந்ததே இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம். அதன் அங்கத்தவர் யாவர், அவர்கள் எவ்வாறு ஒன்றுகூடுகின்றனர், அக்கூட்டுறவால் விளைந்தது யாது, விளையாதது யாது என்பன ஆராயத்தக்கவை.

இவ்வெண்ணம் முதலில் உருப்பெற்றது சுவிற்சர்லாந்திலே. அந்நாட்டு இயற்கை ஆராய்ச்சியாளரான போல் சரசின் என்பவர் இலங்கைக்கும் பழக்கமானவர். 1880ஆம் ஆண்டுகளிலே தம் உறவினரான பிரிட்ஸ் சரசினோடு இத்தீவிற்கு வந்து, இதன் உயிரினங்களையும் வேடர் குலத்தாரையும் பற்றி விரிவாக ஆராய்ந்தவர். அவருடைய முயற்சியால் 1913ஆம் ஆண்டிலே பேர்ன் நகரில் 17 நாடுகளின் பிரதிநிதிகள் கூடி, இயற்கையைக் காப்பதற்கென ஒரு சர்வதேசக் குழுவை அமைக்க உடன்பட்டனர். ஆனால் அடுத்த ஆண்டே முதலாம் உலகப் போர் மூண்டது. மனிதர் மனிதரைக் கொல்வதிலே ஈடுபட்டிருந்த காலத்திலே விலங்கையும் மரத்தையும் பற்றிச் சிந்திப்பார் எவர்? அம்முயற்சி முளையிலேயே கருகியது.

இரண்டாம் உலகப் போர் முடிந்த பின்னர் அவ்வெண்ணம் மீண்டும் துளிர்த்தது. யுனெஸ்கோ நிறுவனத்தின் முதற் பணிப்பாளர் நாயகமாக விளங்கிய யூலியன் ஹக்ஸ்லி ஓர் உயிரியல் அறிஞர். கல்வியும் கலையும் போல இயற்கையும் மனித குலத்தின் பொதுச் செல்வமே என்று கருதியவர். அவர் அளித்த ஊக்கத்தினால், 1948ஆம் ஆண்டு ஒக்டோபர் 5ஆந் திகதி, பிரான்சு நாட்டின் பொன்தென்புளோ நகரில் இவ்வொன்றியத்தின் அமைப்புப் பத்திரம் கைச்சாத்திடப்பட்டது. 18 அரசாங்கங்களும், 7 சர்வதேச நிறுவனங்களும், 107 தேசிய இயற்கைப் பாதுகாப்புச் சங்கங்களும் அதில் ஒப்பமிட்டன.

இவ்வெண்களைச் சற்று ஊன்றி நோக்க வேண்டும். ஐக்கிய நாடுகள் சபையிலே இடம்பெறுவோர் அரசாங்கங்கள் மாத்திரமே. தொண்டர் சங்கங்களின் சம்மேளனங்களிலே அரசாங்கங்களுக்கு இடமில்லை. பொன்தென்புளோவிலோ அரசாங்கங்களும் பொதுமக்கள் சங்கங்களும் ஒரே பத்திரத்தில் கையொப்பமிட்டன. எண்ணிக்கையிலே சங்கங்களே மிகுதி. கட்டளையிட்டுப் பழகியவரும் விண்ணப்பித்துப் பழகியவரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்தமை அக்காலத்திலே புதுமையான ஏற்பாடாகும். ஒன்றியத்தின் தனித்தன்மை இன்றளவும் இதுவே.

தொடக்கத்திலே அதன் பெயர் இயற்கையைக் காத்தலை மட்டுமே குறித்தது. 1956ஆம் ஆண்டிலே அப்பெயர், இயற்கையையும் இயற்கை வளங்களையும் பேணுதல் என்னும் பொருள்பட மாற்றப்பட்டது. காத்தலுக்கும் பேணுதலுக்கும் வேறுபாடு உண்டு. வேலியிட்டு, எவரும் நுழையாது தடுத்துக் காவலிருப்பது காத்தல். அளவறிந்து பயன்கொண்டு, அடுத்த தலைமுறைக்கும் குறையாது கையளிப்பது பேணுதல். விதைநெல்லை உண்ணாது வைத்து, விளைந்ததை உண்ணும் உழவன் நிலத்தைப் பேணுகின்றான். காட்டையும் கடலையும் நம்பி வாழும் ஏழை நாடுகளுக்கு இரண்டாவது சொல்லே ஏற்புடையது.

ஒன்றியத்தின் செயலகம் முதலில் பெல்சிய நாட்டின் பிரசல்ஸ் நகரில் இருந்தது. பின்னர் 1961ஆம் ஆண்டிலே சுவிற்சர்லாந்தின் மோர்சு நகருக்குப் பெயர்ந்தது. இன்று அதே நாட்டில் கிளாண்ட் என்னும் ஊரில் அமைந்துள்ளது. ஆரம்ப காலத்திலே நோக்கம் பெரிதாக இருந்தது; பணப்பை சிறிதாக இருந்தது. இக்குறையைப் போக்கப் பொதுமக்களிடம் நிதி திரட்டுவதற்கென 1961ஆம் ஆண்டிலே தனியாக நிறுவப்பட்டதே, பண்டாக் கரடியைச் சின்னமாகக் கொண்ட உலக வனவிலங்கு நிதியம்.

இன்று 160க்கு மேற்பட்ட நாடுகளிலே 1,400க்கு மேற்பட்ட அங்கத்தவர்கள் இவ்வொன்றியத்தில் உள்ளனர். அங்கத்தவர் என்றால் தனி மனிதர் அல்லர், அமைப்புகளே. அவை பல வகையின. முதலாவது, இராச்சியங்கள். இரண்டாவது, வனத் திணைக்களம், வனவிலங்குத் திணைக்களம் போன்ற அரசாங்க நிறுவனங்கள். மூன்றாவது, அரசு சாராத தேசியச் சங்கங்களும் சர்வதேசச் சங்கங்களும். நான்காவது, பூர்வீகக் குடிகளின் அமைப்புகள். விண்ணப்பித்த மாத்திரத்தில் எவரும் சேர்ந்துவிட இயலாது. இயற்கையைப் பேணுதல் தன் நோக்கங்களில் ஒன்று என்பதை விண்ணப்பிக்கும் சங்கம் தன் செயலால் காட்ட வேண்டும். ஏற்கெனவே உள்ள அங்கத்தவர்கள் மறுப்புத் தெரிவிக்க இடமுண்டு. யாவற்றையும் ஆராய்ந்த பின்னரே ஒன்றியத்தின் ஆட்சிக்குழு அனுமதி வழங்கும். சந்தாவும் எல்லாருக்கும் ஒரே அளவினதன்று. வலியார் மிகுதியாகவும் எளியார் குறைவாகவும் செலுத்துவர்.

நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை அங்கத்தவர் அனைவரும் உலக மாநாட்டிலே கூடுவர். 1969ஆம் ஆண்டிலே அவர்கள் புதுடில்லியில் கூடினர். 2004ஆம் ஆண்டிலே பாங்கொக்கில். 2016ஆம் ஆண்டிலே ஹவாயில். 2021ஆம் ஆண்டிலே பிரான்சின் மார்செயில் நகரில். 2025ஆம் ஆண்டிலே அபுதாபியில். அங்கே தீர்மானங்கள் முன்மொழியப்பட்டு, விவாதிக்கப்பட்டு, வாக்கெடுப்புக்கு விடப்படும். இவ்வாக்கெடுப்பு முறை கவனிக்கத்தக்கது. இராச்சியங்களும் அரசாங்க நிறுவனங்களும் ஒரு பிரிவாக வாக்களிக்கும். சங்கங்களும் பூர்வீகக் குடிகளின் அமைப்புகளும் மற்றொரு பிரிவாக வாக்களிக்கும். இரு பிரிவிலும் தனித்தனியே பெரும்பான்மை கிடைத்தாலன்றித் தீர்மானம் நிறைவேறாது. எண்ணிக்கையால் மிகுந்த சங்கங்கள் அரசாங்கங்களை மிஞ்ச இயலாது. அதிகாரத்தால் மிகுந்த அரசாங்கங்கள் சங்கங்களின் வாயை அடைக்கவும் இயலாது. இரு மாடும் ஒத்து இழுத்தால்தான் வண்டி நகரும்.

பூர்வீகக் குடிகளுக்குத் தனி இடம் கிடைத்ததற்கு ஒரு வரலாறு உண்டு. உலகின் பல பாகங்களிலே தேசிய வனங்கள் அமைக்கப்பட்டபோது, அவ்வனங்களிலே தொன்றுதொட்டு வாழ்ந்தவர்கள் வெளியேற்றப்பட்டனர். காட்டை அழியாது வைத்திருந்தவர்களே காட்டின் பகைவர்களாகக் கருதப்பட்டனர். இது அநீதி என்பதும், அவர்களுடைய அறிவின்றிக் காட்டைப் பேணுதல் அரிது என்பதும் காலஞ்சென்றே உணரப்பட்டன. 2016ஆம் ஆண்டு ஹவாய் மாநாட்டிலே பூர்வீகக் குடிகளின் அமைப்புகளுக்கெனத் தனி அங்கத்துவப் பிரிவு ஏற்படுத்தப்பட்டது. அதன் பயன் அடுத்த மாநாட்டிலேயே தோன்றியது. அமேசன் வனத்தின் நூற்றுக்கு எண்பது பங்கை 2025ஆம் ஆண்டளவிற் காக்கவேண்டும் என்னும் தீர்மானத்தை, அவ்வனத்திலே வாழும் குடிகளின் அமைப்பே 2021ஆம் ஆண்டிலே மார்செயிலில் முன்வைத்தது. மாநாடும் அதனை ஏற்றது. முன்பு பிறர் தம்மைப் பற்றிப் பேசக் கேட்டிருந்தவர்கள், அன்று தாமே பேசினர்.

அங்கத்துவ அமைப்புகளைத் தவிர, தனி மனிதருக்கும் ஒன்றியத்திலே பணி உண்டு. 16,000க்கு மேற்பட்ட விஞ்ஞானிகளும் நிபுணர்களும் ஒன்றியத்தின் ஆணைக்குழுக்களிலே ஊதியம் பெறாது உழைக்கின்றனர். ஆணைக்குழுக்கள் முன்பு ஆறாக இருந்தன. காலநிலை நெருக்கடி பற்றிய குழுவொன்று 2021ஆம் ஆண்டிலே சேர்க்கப்பட, அவை ஏழாயின. இவற்றுட் பெரியது உயிரினங்களின் நிலைபேற்றை ஆராயும் குழு. யானைக்கு ஒரு நிபுணர் கூட்டம், முதலைக்கு ஒரு கூட்டம், என இவ்வாறு பிரிந்து, ஒவ்வோர் இனத்தின் நிலையையும் அவர்கள் கணிக்கின்றனர். அக்கணிப்பின் பேரேடே 1964ஆம் ஆண்டிலே தோற்றுவிக்கப்பட்ட செம்பட்டியல்.

வைத்தியசாலையிலே நோயாளியின் கட்டிலருகில் தொங்கும் அட்டையைப் போன்றது செம்பட்டியல். இன்ன இனம் கவலைக்கிடமற்றது, இன்னது அழிவை நெருங்குகின்றது, இன்னது காட்டிலே அற்றுப்போய்ச் சிறைக்கூடங்களில் மாத்திரம் உயிர்வாழ்கின்றது, இன்னது முற்றாக அழிந்தது என அது தரம் பிரித்துக் காட்டும். 2025ஆம் ஆண்டிலே 1,70,000க்கு மேற்பட்ட இனங்கள் அதிலே ஆராயப்பட்டிருந்தன. அவற்றுள் 48,000க்கு மேற்பட்டவை அழிவின் அச்சுறுத்தலுக்கு உள்ளானவை. ஆயினும் அட்டை எழுதுவது வேறு, நோயைக் குணப்படுத்துவது வேறு. இங்கேதான், இத்தகைய ஒன்றியத்தின் தீர்மானங்களால் யாது பயன் என்னும் கேள்வி எழுகின்றது. ஒன்றியத்திடம் படையில்லை, பொலிசில்லை, அதன் தீர்மானத்தை மீறிய நாட்டைத் தண்டிக்க நீதிமன்றமுமில்லை. தீர்மானம் வெறும் காகிதமே என்று கூறுவாரும் உளர்.

அவர்களுக்கு இரு நிகழ்ச்சிகளை விடையாகக் கூறலாம். முதலாவது நைரோபியிலே தொடங்கியது. 1963ஆம் ஆண்டு அந்நகரிற் கூடிய அங்கத்தவர்கள், அருகிவரும் விலங்குகளையும் அவற்றின் தோல், தந்தம் முதலியவற்றையும் நாடுவிட்டு நாடு கொண்டுசென்று விற்பதைக் கட்டுப்படுத்த ஒரு சர்வதேச உடன்படிக்கை வேண்டும் எனத் தீர்மானித்தனர். அன்று அது காகிதமாகவே இருந்தது. அடுத்த பத்தாண்டுகளிலே வரைவு எழுதப்பட்டது, நாடுகளின் கருத்துகள் கேட்கப்பட்டன, திருத்தங்கள் செய்யப்பட்டன. 1973ஆம் ஆண்டிலே வாஷிங்டன் நகரில் 80 நாடுகளின் பிரதிநிதிகள் அவ்வுடன்படிக்கையை ஏற்றனர். 1975ஆம் ஆண்டு யூலை முதலாந் திகதி அது நடைமுறைக்கு வந்தது. இன்று 180க்கு மேற்பட்ட நாடுகள் அதற்குக் கட்டுப்பட்டுள்ளன. துறைமுகத்திலே சுங்க உத்தியோகத்தர் ஒருவர் தந்தப் பெட்டியைத் தடுத்து நிறுத்தும்போது, அவர் கையிலிருக்கும் அதிகாரம் நைரோபித் தீர்மானத்திலிருந்தே முளைத்தது.

இரண்டாவது, அராபியப் பாலைநிலத்து ஓரிக்ஸ் என்னும் மானினத்தின் கதை. வெண்ணிற உடலும் நீண்டு நிமிர்ந்த கொம்புகளும் உடைய இவ்விலங்கு, நீரற்ற மணல்வெளியிலே பனித்துளியையும் புல்லின் ஈரத்தையும் கொண்டு பலநாள் உயிர்வாழ வல்லது. ஒட்டகத்திலேறி வேட்டையாடிய காலத்தில் அது தப்பிப் பிழைத்தது. மோட்டார் வண்டியும் துப்பாக்கியும் பாலைவனத்துட் புகுந்தபின் அதற்குப் புகலிடம் இல்லாதுபோயிற்று. 1962ஆம் ஆண்டிலே பிரித்தானியாவின் விலங்குப் பாதுகாப்புச் சங்கமொன்று, ஏடன் பிரதேசத்துக்கு ஒரு குழுவை அனுப்பிற்று. எஞ்சியுள்ளவற்றுட் சிலவற்றையாவது பிடித்து வளர்த்தாலன்றி இனம் அழியும் என்பது அச்சங்கத்தின் முடிவு. குழுவினரால் நான்கினையே பிடிக்க முடிந்தது. அவற்றுள் ஒன்று இறந்தது. மூன்று விலங்கைக் கொண்டு ஓர் இனத்தை எவ்வாறு மீட்பது?

இங்கேதான் உலகக் கூட்டுறவின் பயன் தெரிந்தது. இலண்டன் விலங்குக்காட்சிச்சாலை தன்னிடமிருந்த பெண் விலங்கொன்றை அளித்தது. குவைத்திலிருந்து ஒன்று வந்தது. சவூதி அரேபிய மன்னர் நான்கினை வழங்கினார். அராபியாவை ஒத்த வெப்பமும் வறட்சியும் உடைய அமெரிக்க அரிசோனா மாநிலத்திலே, பீனிக்ஸ் நகர விலங்குக்காட்சிச்சாலை இடமளித்தது. உலக வனவிலங்கு நிதியம் பொருளுதவி செய்தது. இவ்வாறு சேர்ந்த ஒன்பது விலங்குகளே உலக மந்தை எனப் பெயர்பெற்றன. அவை பெருகிக்கொண்டிருந்த காலத்திலே, 1972ஆம் ஆண்டில், பாலைநிலத்திலே கட்டின்றித் திரிந்த கடைசி ஓரிக்ஸ் ஓமான் நாட்டிலே வேட்டைக்கு இரையாயிற்று.

பத்தாண்டுகள் கழிந்தன. 1982ஆம் ஆண்டிலே, ஓமான் சுல்தானின் ஆதரவோடு, அவ்வுலக மந்தையின் வழிவந்த விலங்குகள் அதே பாலைநிலத்திலே திறந்துவிடப்பட்டன. அவற்றுக்குக் காவலராக நியமிக்கப்பட்டவர்கள், அந்நிலத்திலே ஆடும் ஒட்டகமும் மேய்த்து வாழும் ஹராசிஸ் என்னும் குலத்தார். மணலிற் பதிந்த ஓர் அடிச்சுவட்டைக் கொண்டே விலங்கின் போக்கை அறியவல்ல அவர்களைவிடத் தகுந்த காவலர் எவர்? 1994ஆம் ஆண்டிலே அந்நிலம் உலக மரபுரிமைத் தலமாகப் பதிவுபெற்றது.

கதை இவ்விடத்தில் முடிந்திருந்தால் இனிமையாக இருந்திருக்கும். ஆனால் 1996ஆம் ஆண்டிலே ஏறத்தாழ 450 ஆக இருந்த அவ்விலங்குகளைத் திருடிப் பிறநாட்டாருக்கு விற்போர் மீண்டும் தலையெடுத்தனர். சில ஆண்டுகளிலே எண்ணிக்கை 65 ஆகக் குறைந்தது. 2007ஆம் ஆண்டிலே ஓமான் அரசாங்கம், எண்ணெய்வளம் தேடும் பொருட்டுச் சரணாலயத்தின் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கைக் குறைத்தது. அதே ஆண்டில் அந்நிலம் உலக மரபுரிமைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. பட்டியலிலிருந்து ஒரு தலம் நீக்கப்பட்டது அதுவே முதன்முறை. இயற்கை மரபுரிமைத் தலங்கள் பற்றி அப்பட்டியலின் குழுவிற்கு ஆலோசனை கூறும் பொறுப்பு இவ்வொன்றியத்துக்கே உரியது. ஆலோசனை கூறலாம், எச்சரிக்கலாம், தடுக்கும் வலிமை அதற்கில்லை.

எனினும் ஓரிக்ஸ் அழிந்துவிடவில்லை. மந்தை ஒரே நாட்டில் வைக்கப்படாமையே அதற்குக் காரணம். சவூதி அரேபியா, இஸ்ரேல், ஐக்கிய அரபு இராச்சியம் முதலிய இடங்களிலும் அவை திறந்துவிடப்பட்டிருந்தன. 2011ஆம் ஆண்டிலே செம்பட்டியல் அவ்வினத்தை, அழிவின் விளிம்பிலிருந்து விலகிய தரத்துக்கு உயர்த்திற்று. காட்டில் முற்றாக அற்றுப்போன பின்னர் அத்துணைத் தூரம் மீண்ட முதல் விலங்கு அதுவே. ஒரு நாடு கைவிட்டபோது வேறு நாடுகள் தாங்கின. ஊர் கூடித் தேரிழுக்கும்போது ஒருவர் வடத்தை நழுவவிட்டாலும் தேர் நின்றுவிடுவதில்லை. ஆனால் ஒவ்வொருவரும் நழுவவிட்டால் நின்றே தீரும். உலகளாவிய அங்கத்துவத்தின் வலிமையும் இதுவே. அதன் வரம்பும் இதுவே.

இவ்வொன்றியத்துக்கும் இலங்கைக்கும் நெருங்கிய தொடர்புண்டு. அதன் அலுவலகமொன்று கொழும்பிலே இயங்கிவந்துள்ளது. இத்தீவின் அருகிவரும் தாவரங்களையும் விலங்குகளையும் தொகுத்துரைக்கும் செம்பட்டியல் 2007ஆம் ஆண்டிலே அதன் துணையோடு வெளிவந்தது. சிங்கராசா வனம் 1988ஆம் ஆண்டிலும், மத்திய மலைநாடு 2010ஆம் ஆண்டிலும் உலக மரபுரிமைத் தலங்களாகியமை நேயர்கள் அறிந்ததே. அவற்றுள் சிங்கராசாவின் வரலாறு சிந்திக்கத்தக்கது. 1972ஆம் ஆண்டிலே ஒட்டுப்பலகைத் தொழிலுக்காக அவ்வனத்திலே இயந்திரங்களைக் கொண்டு மரம் வெட்டும் வேலை தொடங்கப்பட்டது. இயற்கை ஆர்வலர்களும் அறிஞர்களும் பொதுமக்களும் எழுப்பிய குரலினாலே 1977ஆம் ஆண்டில் அது நிறுத்தப்பட்டது. வெட்டுவதற்கு ஆணையிட்டதும் அரசாங்கமே. நிறுத்துவதற்கு ஆணையிட்டதும் அரசாங்கமே. இரண்டுக்கும் இடையே நின்றது மக்களின் குரல். அரசாங்கத்தையும் சங்கத்தையும் ஒரே மேசையில் அமர்த்திய பொன்தென்புளோ ஏற்பாட்டின் நியாயம் இதனால் விளங்கும்.

தமிழர் பெருமையோடு நினைக்கத்தக்க ஒரு தொடர்பும் உண்டு. 1984 முதல் 1990 வரை இவ்வொன்றியத்தின் தலைவராக வீற்றிருந்தவர், கும்பகோணத்திலே 1925ஆம் ஆண்டில் பிறந்து 2023ஆம் ஆண்டில் மறைந்த வேளாண்மை விஞ்ஞானி எம். எஸ். சுவாமிநாதன். நெல்லும் கோதுமையும் பெருகச் செய்து பசிப்பிணி நீக்கப் பாடுபட்ட ஒருவரை, காட்டையும் விலங்கையும் காக்கும் ஒன்றியம் தன் தலைவராக ஏற்றமை பொருத்தமற்றதுபோல முதலில் தோன்றலாம். ஆனால் வயலின் பயிருக்குக் காட்டுப் பயிரே தாய். நோயைத் தாங்கும் புதிய நெல்லினத்தை உண்டாக்க விரும்பும் விஞ்ஞானி, காட்டு நெல்லைத் தேடியே செல்லவேண்டும். காடு அழிந்தால் வயலும் ஒருநாள் வறுமையுறும். உணவு வேண்டுவோர்க்கும் இயற்கையைப் பேணுவோர்க்கும் பகையில்லை என்பதை அவருடைய தலைமை உலகுக்கு உணர்த்திற்று.

ஓர் அமைப்பிலே அங்கத்தவராதல் என்பது பெயர்ப்பட்டியலிலே இடம்பெறுவதோ, ஆண்டுச் சந்தாவைச் செலுத்துவதோ அன்று. மாநாட்டிலே உயர்த்திய கையைத் தன் நாட்டுக்குத் திரும்பியபின் செயலிலே காட்டுதலே உண்மையான அங்கத்துவம். வாக்களித்த அரசாங்கம் அதனை மறக்குமாயின், நினைவூட்டுவதற்கு அதே நாட்டிலே ஒரு சங்கம் இருத்தல் வேண்டும். அச்சங்கம் தளருமாயின், தாங்குவதற்கு அவ்வூர் மக்கள் இருத்தல் வேண்டும். தன் ஊர்க் குளக்கரையிலே வந்திறங்கும் பறவையின் பெயரை அறிந்து, அதற்குக் கல்லெறியும் சிறுவனைத் தடுத்து நிறுத்தும் ஒருவர், எந்தப் பத்திரத்திலும் கையொப்பமிடாமலே இவ்வுலக ஒன்றியத்தின் பணியைச் செய்கின்றார். அத்தகையோர் பெருகும்போதுதான், மாநாட்டு மண்டபங்களிலே நிறைவேறும் தீர்மானங்களுக்கு உயிர் உண்டாகும்.